ஐம்பது மீட்டர் கயிறு

"அதெல்லாம் நீங்க பாத்தீங்ளா டீச்சர்?"

எகிப்தில் சுமார் 4,600 ஆண்டுகளுக்கு முன்னால் கூஃபு என்ற மன்னனுக்குப் பெரிய பிரமிடு கட்டினார்கள் என்று சொல்லிக்கொண்டே கரும்பலகையில் முக்கோணம் வரைந்துகொண்டிருந்தேன். அப்போது கடைசி பெஞ்சிலிருந்து வந்த கேள்வி இது. வகுப்பே சிரித்தது. நான் முறைத்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். சாயங்காலம் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தபோதுதான், வரலாற்று வகுப்பில் கேட்க வேண்டிய முதல் கேள்வியைத்தான் பையன் கேட்டிருக்கிறான் என்று பட்டது. நான் பார்க்கவில்லை. பாடநூல் எழுதியவர்களும் பார்க்கவில்லை. அப்புறம் எப்படித் தெரியும்?

நான் ஈரோடு மாவட்டத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் 6, 7, 8 வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். நம் பாடத்திட்டத்தில் மெசபடோமியா, எகிப்து, ரோம், ஐரோப்பாவின் இடைக்காலம் எல்லாம் முழுதாக வருவது ஒன்பதாம் வகுப்பில்தான். அதுவரைக்கும் பெரும்பாலும் இந்தியா, தமிழ்நாடு. ஒன்பதாவதில் ஒரே வருஷத்தில் ஹமுராபியும் ஜூலியஸ் சீசரும் செங்கிஸ்கானும் மொத்தமாக வந்து இறங்குவார்கள். எங்கள் பள்ளியில் எட்டாவது முடித்துப் போன பிள்ளைகள் திரும்பி வந்து, "பேரே வாயில நுழைய மாட்டீங்குது டீச்சர்" என்று புலம்புவார்கள். அதனால் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட்டை உலக வரலாற்றுக்கு என்று ஒதுக்கிக்கொண்டேன். தேர்வு கிடையாது, நோட்டு கிடையாது. கடைசிப் பீரியட் என்பதால் யாரும் அந்த நேரத்துக்குப் போட்டிக்கும் வரவில்லை.

முதலில் வாங்கியது கயிறு. துணி காயப்போடும் நைலான் கயிறு, 50 மீட்டர். ஒரு மீட்டருக்கு 100 வருஷம் என்று கணக்கு. திருப்பூர் பனியன் கம்பெனிகளிலிருந்து வரும் வெட்டுத்துணி எங்கள் ஊரில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். அதைக் கிழித்து அடையாளத் துணியாக முடிந்தோம். ஒரு முனை கொடிக்கம்பத்தில், அதுதான் இன்று. அங்கிருந்து நடக்க ஆரம்பித்தால், முக்கால் மீட்டர் தாண்டியதும் 1947. பிள்ளைகளுக்கு நம்பிக்கையே வரவில்லை. சுதந்திரப் போராட்டம் என்றால் ஏதோ ஆதிகாலம் என்ற நினைப்பு அவர்களுக்கு. இங்கே கை நீட்டினால் எட்டுகிறது. 10 மீட்டரில் தஞ்சைப் பெரிய கோயில். இருபதரை மீட்டரில் கிளியோபாட்ராவின் சாவு. பிரமிடு எங்கே? கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். வேப்பமரத்துக்கும் அந்தப் பக்கம், கிட்டத்தட்ட 46 மீட்டரில். அதாவது கிளியோபாட்ராவுக்கே பிரமிடு 2,500 வருஷத்துப் பழைய கட்டடம். நமக்கும் கிளியோபாட்ராவுக்கும் இருப்பதைவிடப் பெரிய இடைவெளி. இதைப் பல வருஷம் வாயால் சொல்லியிருக்கிறேன். யாருக்கும் உறைத்ததில்லை. நடந்தபோது உறைத்தது.

எழுத்து பிறந்த காலத்துக்குக் கயிறு போதவில்லை. சுமேரியர்கள் களிமண்ணில் கணக்கு எழுதத் தொடங்கி 5,200 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 2 மீட்டர் குறைந்தது. ஒருத்தி தன் துப்பட்டாவைக் கழற்றி நுனியில் கட்டினாள். "அப்ப மனுசன் மொதல்ல வந்தது எங்கீங்க டீச்சர்?" நம்மைப் போன்ற மனிதர்களின் மிகப் பழைய எலும்புகள் மொராக்கோவில் கிடைத்திருக்கின்றன, சுமார் 3 லட்சம் வருஷம். கணக்குப் போட்டார்கள்: 3,000 மீட்டர். பள்ளிக்கூடத்தைத் தாண்டி, ஊரைத் தாண்டி, பக்கத்து ஊர் பஸ் ஸ்டாப்பையே தொட்டுவிடும். அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போன பிள்ளைகள் வழி முழுக்க எண்ணிக்கொண்டே போனதாக மறுநாள் அம்மாக்கள் சொன்னார்கள்.

கயிற்றுக்கு ஒரே ஒரு விதி வைத்தேன். யார் வேண்டுமானாலும் துணி முடியலாம். ஆனால் எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டும். சான்று இல்லாமல் முடிச்சு இல்லை.

மெசபடோமியாவுக்குக் களிமண். குளத்து மண்ணுக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை, பிள்ளையார் சதுர்த்திக்குப் பிடித்த கை எல்லோருக்கும் உண்டு. முதலில் கதை சொன்னேன். ஊர் என்ற நகரத்தில் (பேரே ஊர்தான், அதற்கே ஐந்து நிமிஷம் சிரித்தார்கள்) ஏஆ-நாசிர் என்று ஒரு செம்பு வியாபாரி. கி.மு. 1750 வாக்கில் நன்னி என்ற வாடிக்கையாளர் அவருக்கு ஒரு புகார்க் கடிதம் அனுப்பினார். நல்ல செம்பு தருவதாகச் சொல்லிவிட்டு மட்டமான கட்டிகளைக் காட்டினாய். வேண்டுமானால் எடு, இல்லாவிட்டால் போ என்று என் ஆளிடம் சொல்லியிருக்கிறாய். பகைவர் நாட்டு வழியாக வந்தவனை வெறுங்கையோடு திருப்பினாய். என்னை என்னவென்று நினைத்தாய்? இனிமேல் என் வீட்டு முற்றத்தில் வைத்து ஒவ்வொரு கட்டியாக நானே பொறுக்கி எடுத்துக்கொள்வேன். இதுதான் சாரம். உள்ளங்கையில் அடங்கும் அந்தக் களிமண் பலகை இப்போது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

"நீங்களும் ஒரு புகார் எழுதுங்கள்" என்றேன். ஐஸ் குச்சியை முக்கோணமாகச் சீவிக் கொடுத்தேன். நிற்காமல் போகும் பேருந்து மேல், நமுத்துப்போன முறுக்கு கொடுத்த கடைக்காரர் மேல், சைக்கிள் பெல்லைக் கழற்றிய அண்ணன் மேல் என்று புகார்கள் தயாராகிவிட்டன. ஆனால் எழுத வரவில்லை. 'மு' எழுதிச் சுழித்தால் குச்சி போகும் வழியெல்லாம் மண் கரையாக எழும்பி நின்றது. அடுத்த எழுத்து முந்தைய எழுத்தை நசுக்கியது. கால் மணி நேரம் திட்டிக்கொண்டே போராடினார்கள். பிறகு ஒரு பெண் குச்சியை இழுக்காமல் அழுத்தி எடுத்துப் பார்த்தாள். சுத்தமாக ஆப்பு மாதிரி ஒரு பள்ளம் விழுந்தது. "இழுக்கக் கூடாது டீச்சர், குத்தணும்." பாடநூலில் 'ஆப்பு வடிவ எழுத்து' என்று ஒரு வரி வரும். அந்த வரியை அவள் தன் கையால் கண்டுபிடித்துவிட்டாள்.

அங்கேயே நின்றிருக்கலாம். ஆனால் கேள்வி திரும்பி வந்தது: அப்படியென்றால் நம் எழுத்து ஏன் வட்டமாக இருக்கிறது? பனை ஓலையில் ஆணியால் நேர்கோடு இழுத்தால் நரம்போடு சேர்ந்து ஓலை கிழியும், அதனால்தான் எழுத்து வளைந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். அதற்கு முந்தைய தமிழி எழுத்தைப் பாறையிலும் பானையிலும் பார்த்தால் கோடுகோடாகத்தான் இருக்கும். அதை வரைந்து காட்டியதும், தமிழியில் புகார் எழுதிப் பார்க்கிறோம் என்று கிளம்பிவிட்டார்கள். களிமண்ணில் அது இன்றைய வட்டமான எழுத்தைவிடச் சுலபமாகத்தான் இருந்தது.

அன்று இரவு மழை. ஜன்னலோரம் காயவைத்த பலகைகளில் முக்கால்வாசி திங்கட்கிழமை காலையில் சேறாகக் கிடந்தன. இரண்டு பேர் அழுதார்கள். எனக்கும் வருத்தம்தான். தப்பித்தவற்றில் நான்கை, செங்கல் சூளையில் வேலை பார்க்கும் ஒருவர் தன் மகனுக்காக எடுத்துப்போய்ச் சூளையில் வைத்துச் சுட்டுக் கொடுத்தார். அவை கல் மாதிரி இறுகிவிட்டன. அப்போதுதான் நினிவே நகரத்தைப் பற்றிச் சொன்னேன். அசூர்பானிபால் என்ற அசீரிய மன்னன் அங்கே ஆயிரக்கணக்கான களிமண் பலகைகளைச் சேர்த்து வைத்திருந்தான். கி.மு. 612-ல் எதிரிகள் நகரத்தைக் கொளுத்தினார்கள். அந்தத் தீயில் பல பலகைகள் வெந்து இறுகிப் பிழைத்துக்கொண்டன. சூளைக்காரர் மகன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "நம்ம ஓலையக் கொளுத்துனா சாம்பல்ங்க டீச்சர். அவங்களதக் கொளுத்துனா செங்கல்." ஒரு நாகரிகத்தைப் பற்றி நமக்கு நிறையத் தெரிகிறது, இன்னொன்றைப் பற்றிக் கொஞ்சம்தான் தெரிகிறது என்றால், முன்னது பெரியது என்று பொருளில்லை. இதைப் பி.எட். படித்தபோது எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

எகிப்துக்குப் பிரமிடை விட்டுவிட்டு வருகைப்பதிவேட்டை எடுத்துக்கொண்டேன். மன்னர்களின் பள்ளத்தாக்கில் கல்லறை குடைந்த தொழிலாளர்கள் தேர் எல்-மதீனா என்ற ஊரில் குடியிருந்தார்கள். இரண்டாம் ராமேசஸ் ஆட்சியின் 40-ஆம் ஆண்டில், அவர்களில் யார் எந்த நாள் வேலைக்கு வரவில்லை, ஏன் வரவில்லை என்று ஒரு சுண்ணாம்புக்கல் சில்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். 40 பேர். தேதி கறுப்பு மையில், காரணம் சிவப்பு மையில். உடம்பு சரியில்லை. கண் வலி. பீர் காய்ச்சினான். தேள் கொட்டியது. ஜெராக்ஸ் கடையில் கலர் படம் எடுத்துக் காட்டினேன். "சிவப்பு மை டீச்சருக்கு மட்டுந்தானே?" என்றான் ஒருவன். தேள் என்றதும் வகுப்பு முழுக்க ஆளுக்கொரு கதை. பிறகு அந்தத் தொழிலாளிக்காக விடுப்பு விண்ணப்பம் எழுதச் சொன்னேன். 'உயர்திரு எழுத்தர் அவர்களுக்கு, நேற்று இரவு என்னைத் தேள் கொட்டிவிட்டபடியால்' என்று ஆரம்பித்து, 'இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள கல்லறை வெட்டுபவன்' என்று முடித்திருந்தாள் ஒருத்தி. பார்வோன் பெயர்களை இன்றைக்குக் கேட்டால் பாதி மறந்திருப்பார்கள். தேள் மறக்காது.

இடைக்காலம் எனக்கு எப்போதும் தகராறுதான். 'இருண்ட காலம்' என்று நான் படித்த காலத்தில் மனப்பாடம் செய்தோம். யாருக்கு இருட்டு என்று யாரும் கேட்கவில்லை. கயிற்றில் 10 மீட்டர் முடிச்சில் பிள்ளைகளைப் பக்கவாட்டில் நிறுத்திப் பார்த்தேன். ஒருவன் ராஜராஜன். 1010-ல் தஞ்சாவூரில் கோயில் முடிந்துவிட்டது. அவனுக்குப் பக்கத்தில் கெய்ரோவில் ஒளி எப்படிக் கண்ணுக்கு வருகிறது என்று ஆராய்ந்த இப்னு அல்-ஹைதம். அடுத்து ஜப்பான் அரண்மனையில் நீண்ட கதை எழுதிக்கொண்டிருந்த முரசாகி ஷிகிபு. அடுத்து சீனாவில் கொஞ்ச நாளில் வரப்போகும் அரசாங்கக் காகிதப் பணம், 1024. கடைசியில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் மரம் வெட்டிய நார்ஸ் கடலோடிகள். வெட்டிய மரத்தின் வளையங்களை வைத்து அது 1021 என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். ராஜராஜனாக நின்றவன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, "இவங்க எல்லாம் இருந்தாங்கன்னு எனக்குத் தெரியுங்களா?" என்று கேட்டான். சீனாவைத் தெரிந்திருக்கும், சோழத் தூதர்கள் 1015-ல் அங்கே போயிருக்கிறார்கள் என்றேன். மற்றவர்களைத் தெரிந்திருக்காது. அவன் முகம் கொஞ்சம் வாடியது.

தங்கக் கதை சுலபமாக முடிந்தது. மாலி நாட்டு மன்னன் மான்சா மூசா 1324-ல் மெக்காவுக்குப் போகும் வழியில் கெய்ரோவில் தங்கத்தை வாரி இறைத்ததில் அங்கே தங்கத்தின் விலையே சரிந்தது. பவுன் விலை காலையில் என்ன, மாலையில் என்ன என்று வீட்டில் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. "நம்மூருப் பக்கம் வந்திருக்கலாம்" என்று ஒரு குரல். ஆனால் இதை எழுதி வைத்த அல்-உமரி, மூசா வந்துபோய்ப் பன்னிரண்டு வருஷம் கழித்து அங்கே போய் விசாரித்தவர் என்றதும் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள். "பன்னெண்டு வருஷத்துல பேச்சு பெருசாயிருக்காதுங்களா? எங்கூட்டுல ஒரு கல்யாணத்துக்கு வந்த கூட்டமே வருஷா வருஷம் ஏறிக்கிட்டேதான் போகுது." அந்த முடிச்சில் துணியை இறுக்கிக் கட்டாமல் லேசாகச் சுற்றி வைத்தோம்.

நிலமானிய முறைதான் என்னைத் தடுமாற வைத்தது. அரசன், பிரபு, வீரன், பண்ணையடிமை என்று முக்கோணம் போட்டு, நிலத்தை விட்டுப் போகக்கூட அந்த அடிமைக்கு உரிமை கிடையாது, பிரபுவின் நிலத்தில் வாரத்தில் சில நாள் சும்மா உழைத்துக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். முன் வரிசையில் எப்போதும் வாய் திறக்காத ஒரு பெண், "எங்க தாத்தாவும் பண்ணாடி தோட்டத்துலதாங்க டீச்சர் இருந்தாரு. போகக் கூடாதும்பாங்களாம்" என்றாள். பண்ணாடி என்றால் எங்கள் பக்கம் தோட்டத்து முதலாளி. அதே வகுப்பில் பண்ணாடி வீட்டுப் பேரன் ஒருவனும் உட்கார்ந்திருந்தான். அவன் பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தான். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இரண்டும் ஒன்றில்லை, இங்கே அதில் சாதியும் சேர்ந்துகொண்டது என்று சொல்ல வேண்டும்தான். அதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இரண்டு பேரை எதிரெதிரே வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? ஐரோப்பாவுக்கே ஓடிப்போனேன். அங்கே பல நகரங்களில் ஒரு வழக்கம் இருந்தது, தப்பி வந்த பண்ணையடிமை பிரபுவின் கையில் சிக்காமல் நகரத்துக்குள் ஒரு வருஷமும் ஒரு நாளும் இருந்துவிட்டால் அவன் சுதந்திரமானவன் என்றேன்.

அந்தப் பெண் விரல்விட்டு எண்ணினாள். "எங்கப்பா திருப்பூர் போயிப் பதினாலு வருஷமாச்சு."

மணி அடித்தது. அன்றைக்கு நான் கயிற்றைச் சுருட்டவே மறந்துவிட்டேன்.

இவ்வளவும் சொல்லிவிட்டு வாட்ஸப்பைச் சொல்லாமல் விட முடியாது. மாமா அனுப்பினார் என்று ஒரு பையன் தமிழுக்கு 50,000 வயது என்று எழுதிக்கொண்டு வந்தான். 500 மீட்டர், பெட்டிக்கடை வரை போக வேண்டும். திட்டவில்லை. "சான்று கொண்டு வா, பெட்டிக்கடைக்கே போய் முடியலாம்" என்றேன். அவன் விடவில்லை. கீழடிச் செய்தியோடு வந்தான். அங்கே கிடைத்ததற்கு கி.மு. 580 என்று காலம் கணித்திருந்தார்கள், 26 மீட்டரில் முடிந்தோம். அடுத்து தூத்துக்குடி மாவட்டச் சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல், கி.மு. 1155. அதையும் முடிந்தோம். அப்புறம் ஒரு நாள் செய்தித்தாள் துண்டு. 2025 ஜனவரியில் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கை, சிவகளையில் இரும்போடு கிடைத்த கரிக்கு கி.மு. 3345 என்று காலம். 53 மீட்டருக்கும் மேல். கயிறு முடிந்துவிட்டது. அறிஞர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கும் சேதிக்கு மஞ்சள் துணி என்று ஏற்கெனவே பேசி வைத்திருந்தோம். துப்பட்டா நீட்டிய இடத்தில் ஒரு குச்சியை ஊன்றி மஞ்சள் துணி கட்டினான். அவனுக்கு மஞ்சள் பிடிக்கவில்லை. சிவப்புதான் வேண்டும் என்று கொஞ்ச நாள் சண்டை போட்டான். எகிப்தைவிட நாம் பெரியவர்களா என்பதுதான் அவன் கவலை. அதற்கு நான் பதில் சொல்லவில்லை. பதிலுக்குச் செங்கடல் கரையில் குசேர் அல்-கதீம் என்ற பழைய எகிப்தியத் துறைமுகத்தில் கிடைத்த ஒரு பானை ஓட்டைப் பற்றிச் சொன்னேன். சுமார் 2,000 வருஷத்துக்கு முந்தியது. அதில் தமிழியில் கீறியிருந்ததை கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் 'பானை ஒறி', அதாவது பானை உறி, என்று வாசித்தார். ராஜா பெயர் இல்லை, வெற்றிச் செய்தி இல்லை. நம் பாட்டி வீட்டு விட்டத்தில் மோர்ப்பானை தொங்குமே, அந்த உறி. "அவ்வளவு தூரம் போயி உறின்னா எழுதுனாங்க?" என்று ஏமாற்றத்தோடு கேட்டவன், இரண்டு நாள் கழித்துத் தன் ஆத்தா வீட்டிலிருந்து நிஜ உறி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதை இருபதாம் மீட்டர் பக்கத்தில் மாட்டினோம்.

கோடை விடுமுறை முடிந்து வந்தபோது கயிறு குறைந்திருந்தது. அளந்து பார்த்தால் 44 மீட்டர் சொச்சம். பிரமிடு போய்விட்டது. யார் வெட்டினார்கள் என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை, அவர்களே துப்புத் துலக்கக் கிளம்பினார்கள். வெட்டு முனை பிசிறில்லாமல் இருக்கிறது, அதனால் அரிவாள். அறைச் சாவி இரண்டு பேரிடம்தான் இருந்தது. சமையற்கூடத்துக்குப் பின்னால் புதிதாக ஒரு முளைக்குச்சி. அங்கே சத்துணவு ஆயாவின் வெள்ளாடு அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதன் கழுத்துக்கு ஒரு சாண் தள்ளி, கூஃபுவின் சிவப்புத் துணி.

"இதுக்குச் சான்று இருக்குதுங்க டீச்சர்" என்றான் கடைசி பெஞ்ச்.

ஆட்டை அப்படியே விட்டுவிட்டோம். அடுத்த சந்தையில் 60 மீட்டராக வாங்கிக்கொண்டு வந்தேன்.